பன்னிரண்டாம் வகுப்பு பைத்தான்: ஒரு பக்கக் குறிப்பில் என்ன எழுதிப் பகிர்வது? (காரைக்குடி வட்டாரம்)

கல்லூரிச்சாலை:
வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் மேல்நிலைக்குக் கணினி அறிவியல் எடுக்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதி மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. இப்போது நம்மிடையே சுற்றுவதெல்லாம் பாடக்குறிப்பு, பிபிடி, ஒரு மதிப்பெண் வினா வங்கி. வாங்கியவர் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வகுப்பு எந்த இடத்தில் சறுக்கும் என்பது அவற்றில் இருக்காது. கேள்வி, அதற்குப் பிள்ளைகள் எழுதும் தப்பு விடைகள், ஒவ்வொரு தப்புக்கும் பின்னால் இருக்கும் நினைப்பு: இந்த மூன்றும் இருந்தால் அடுத்த ஊர் ஆசிரியர் நாளைக்கே அதை எடுத்து நடத்தலாம்.

மாதிரிக்கு ஒன்று வைக்கிறேன். பெயர்கள் தமிழிலேயே இருக்கட்டும், பைத்தான் நிரல்மொழியின் 3-ஆம் பதிப்பு ஏற்கும். கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், லேபில் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

அரிசி = 5
பருப்பு = 7
அரிசி = பருப்பு
பருப்பு = அரிசி
பிரிண்ட்(அரிசி, பருப்பு)

சரியான விடை 7 7. வரும் தப்புகள் மூன்று. 7 5 என்று எழுதுகிறவர், மூன்றாம் நான்காம் வரிகள் ஒரே நேரத்தில் நடப்பதாக நினைக்கிறார், அல்லது "இடம் மாற்றத்தானே எழுதியிருக்கிறார்கள்" என்று எழுதியவரின் எண்ணத்தைப் படிக்கிறார். 5 5 என்று எழுதுகிறவர் சமக்குறியை இடமிருந்து வலமாக ஓட்டுகிறார். 5 7 என்று எழுதுகிறவருக்கு ஒவ்வொரு வரியும் ஒரு முழு இடமாற்றம். இரண்டு தடவை மாற்றினால் பழையபடி வந்துவிடும் அல்லவா?

இரண்டாவது வகைக்கு மருந்து வாய்விட்டுப் படிப்பதில் இருக்கிறது. "அரிசி சமம் பருப்பு" என்று ஒருபோதும் படிக்கக் கூடாது. "பருப்பின் மதிப்பை எடுத்து அரிசிக்குக் கொடு" என்று படிக்க வேண்டும். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் வலப்பக்கத்தை முதலில் சொல்வது நாக்குக்கு இயல்பாகவே அமைகிறது.

கணினி நம் எண்ணத்தைப் புரிந்துகொள்கிறது என்ற நம்பிக்கையை ஆய்வாளர் ராய் பீ 1986-லேயே எழுதிவிட்டார். எந்த மொழியில் கற்றாலும் வரும் பிழை, மற்றப் பிழைகளுக்கெல்லாம் தாய் என்பது அவர் கணிப்பு. 2001-ல் மெக்கிராக்கன் குழு நான்கு பல்கலைக்கழகங்களில் 216 மாணவர்களை நிரல் (புரோகிராம்) எழுதச் சொல்லிச் சோதித்தபோது சராசரி 110-க்கு 22.89. 2004-ல் லிஸ்டர் குழு, நிரல் எழுதச் சொல்லாமல், எழுதியிருப்பதைப் படித்து விடை சொல்லச் சொன்னது. அதிலும் பலர் தடுமாறினார்கள். படிக்கத் தெரியாதவரிடம் எழுதக் கேட்கிறோம் என்பதுதான் விஷயம்.

பள்ளத்தூர்_லேப்:
சார், எல்லாம் சரி. ஆனால் நம் பிள்ளைகளுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறைப் பட்டியலில் இருக்கும் நிரல்களை மனப்பாடம் செய்தால் 20 வந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். 45 நிமிடப் பாடவேளையில் ஊகித்துப் பார், பேசிப் பார் என்று போனால் பகுதி முடியுமா? நிமிடக் கணக்கோடு சொல்லுங்கள்.

புதுவயல்_டீச்சர்:
சார், மனப்பாடம் செய்த நிரலில் மாறியின் (அரிசி, பருப்பு போல மதிப்பைக் குறிப்பது) பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், பாதியில் நின்றுவிடுவார்கள். அதனால் செய்முறைப் பட்டியல் நிரலையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். தனி நேரம் வேண்டாம்.

கணினிக் கல்வி ஆய்வாளர் சூ சென்டன்ஸ் குழுவின் பிரிம் முறை இதற்குப் பொருந்தும். ஊகி, ஓட்டு, ஆராய், மாற்று, புதிதாக உருவாக்கு என்று ஐந்து படி. 45 நிமிடத்தில் பிரிக்கும் விதம்: முதல் 6 நிமிடம் நிரலைத் தாளில் கொடுத்து விடை எழுதச் சொல்வது. திரையை அணைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது ஓட்டிப் பார்த்து விடையைச் சொல்லிவிடுவார்கள். அடுத்த 4 நிமிடம் கோப்பைத் திறந்து ஓட்டுவது. கோப்பு ஏற்கெனவே ஒவ்வொரு கணினியிலும் இருக்க வேண்டும். தட்டச்சு செய்யவிட்டால் கால் மணி நேரம் எழுத்துப் பிழையிலேயே போய்விடும். பிறகு 15 நிமிடம் ஆராய்ச்சி: "மூன்றாம் வரியை நீக்கினால் என்ன வரும்? முதல் இரண்டு வரிகளை இடம் மாற்றினால்?" மீதி 20 நிமிடம் சிறு மாற்றங்கள். உருவாக்குவது அடுத்த வேளையில்.

சறுக்கும் இடம் முதல் படிதான். ஊகத்தை வாயால் கேட்டால் முதல் பெஞ்சு சொன்னதையே எல்லாரும் சொல்வார்கள். தாளில், பேனாவால், அழிக்காமல் எழுத வேண்டும். தப்பாக இருந்தால் பக்கத்தில் சரியானதை எழுதலாம், பழையதை அடிக்கக் கூடாது. அந்தத் தாள்தான் கல்லூரிச்சாலை சார் கேட்கிற தரவு.

ஒன்று கவனிக்க வேண்டும். 2019-ல் வெளியான சென்டன்ஸ் குழுவின் ஆய்வு 13 பள்ளிகளில் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் நடந்தது. நம்முடையவர்கள் பதினாறு, பதினேழு. படிகளை எடுத்துக்கொள்ளலாம், பலனும் அப்படியே வரும் என்று எழுதிவிடக் கூடாது.

கண்டனூர்க்காரன்:
மாறி என்றால் பெட்டி என்று எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறோம். நம் பாடத்திட்டத்தில் இது ஒரு பொறி என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2018-ல் வந்த பதினோராம் வகுப்புப் புத்தகம் சி++. அங்கே முழுஎண் மாறி உண்மையிலேயே நினைவகத்தில் ஒரு பெட்டி. 2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் பைத்தான். இங்கே மாறி ஒரு பெயர்ச்சீட்டு. ஒரு வருடம் பெட்டியில் ஊறியவரிடம் இதைக் கொடுங்கள்:

மூத்தவர் = [10, 20]
இளையவர் = மூத்தவர்
இளையவர்.அப்பெண்ட்(30)
பிரிண்ட்(மூத்தவர்)

பெட்டிக்காரர் [10, 20] என்பார். வருவது [10, 20, 30].

நம் ஊரில் இதற்கு நல்ல உவமை இருக்கிறது. சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள் அல்லவா? ஒரே அண்டாவில் இரண்டு பெயர் வெட்டியிருந்தால், யார் பெயரைச் சொல்லி எடுத்து ஊற்றினாலும் அதே அண்டாதான் நிறையும்.

தேவகோட்டை_மேடம்:
உவமை அழகு தம்பி, ஆனால் அது பாதி தூரம்தான் வரும். நான்காம் வரிக்குப் பிறகு இதைச் சேருங்கள்:

இளையவர் = [5]
பிரிண்ட்(மூத்தவர்)

வெட்டிய பெயர் நகராது. ஆகவே அண்டா உவமையைப் பிடித்துக்கொண்டவர் "அண்டாவைக் கொட்டிவிட்டு 5 போட்டார்கள்" என்று [5] எழுதுவார். விடை [10, 20, 30]-தான். இளையவர் என்ற பெயர் வேறு பாத்திரத்துக்குப் போய்விட்டது, அவ்வளவே. எனவே வெட்டிய பெயர் வேண்டாம், நூலில் கட்டிய சீட்டு என்று சொல்லுங்கள். பந்தியில் வாடகைப் பாத்திரத்துக்குக் கட்டுகிற அட்டை போல. சமக்குறி வந்தால் சீட்டு அவிழ்ந்து வேறு பாத்திரத்தில் கட்டப்படும். அப்பெண்ட் வந்தால் சீட்டு நகராது, பாத்திரத்துக்குள் சாமான் சேரும். இந்த இரண்டு வாக்கியத்தையும் பலகையில் அடுத்தடுத்து எழுதி, நிரலின் ஒவ்வொரு வரிக்கும் எது பொருந்தும் என்று கேட்க வேண்டும். நகல் வேண்டுமென்றால் இளையவர் = மூத்தவர்[:] என்று எழுதிப் புதுப் பாத்திரம் வாங்க வேண்டும் என்பதும் அதே மூச்சில் வந்துவிடும்.

பெட்டியா சீட்டா என்பதை ஃபெலியன் ஹெர்மன்ஸ் குழு 2018-ல் ஒப்பிட்டுப் பார்த்தது. எளிய கேள்விகளில் பெட்டி சொல்லிக் கற்றவர்களுக்கு உடனடியாகக் கை கொடுத்தது. அதே ஆட்கள்தான் ஒரு மாறிக்குள் இரண்டு மதிப்பு ஒன்றாக இருக்கலாம் என்றும் அதிகமாக நினைத்தார்கள். ஆகவே குறிப்பில் "எந்த உவமை சொல்லி நடத்தினேன்" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். அது தெரியாமல் தப்பு விடையைப் படித்தால் காரணம் பிடிபடாது.

கண்டனூர்க்காரன்:
சரி மேடம், சீட்டு என்றே மாற்றிக்கொள்கிறேன். கண்ணால் காட்ட தானி (Thonny, பைத்தான் எழுதி ஓட்டும் மென்பொருள்) போதும், இணையம் வேண்டியதில்லை. வியூ பட்டியலில் வேரியபிள்ஸ், ஹீப் இரண்டையும் டிக் செய்தால், பெயருக்கு நேரே மதிப்புக்குப் பதில் ஒரு முகவரி எண் தெரியும். மூத்தவர், இளையவர் இரண்டுக்கும் ஒரே எண். கண்ட்ரோல் எஃப்5 அழுத்தி, எஃப்6-ஆல் வரிவரியாக நகர்த்தினால் சமக்குறி வரியில் எண் மாறுவதும் அப்பெண்ட் வரியில் மாறாததும் தெரியும்.

எச்சரிக்கை: இதை 5, 7 போன்ற சிறு முழுஎண்களை வைத்துக் காட்டாதீர்கள். மைனஸ் 5 முதல் 256 வரையுள்ள எண்களைப் பைத்தான் முன்கூட்டியே ஒரு தடவை மட்டும் செய்து வைத்துக்கொள்கிறது. தனித்தனியாக 5 கொடுத்த இரண்டு மாறிகளும் ஒரே முகவரி காட்டும், வகுப்பு குழம்பிவிடும். பட்டியலை வைத்து மட்டும் காட்டுங்கள். லேபில் விண்டோஸ் 7 இருந்தால் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது, அதற்கேற்ற பழைய பதிப்பைப் போட வேண்டும்.

புதுவயல்_டீச்சர்:
உள்மடக்குக்கு (ஒரு மடக்குக்குள், அதாவது லூப்புக்குள், இன்னொரு மடக்கு) என்னுடைய பக்கம் இதோ. பார்சன்ஸ் புதிர்: நிரலை வரிவரியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்வது. டேல் பார்சன்ஸும் பாட்ரீசியா ஹேடனும் 2006-ல் கொண்டுவந்தது. பார்பரா எரிக்சன் குழு 2017-ல் பார்த்தபோது, நிரலைப் புதிதாக எழுதுவதைவிட நேரம் குறைவு, கற்றது குறையவில்லை.

கணக்கு: 12 அடிக்கு 10 அடி அறை. 8 அங்குல ஆத்தங்குடிக் கல். ஒரு பக்கம் 18 கல், மறுபக்கம் 15, மொத்தம் 270. சுவரோரம் சுற்றி ஒரு வரிசை கரைக்கல். கரைக்கல் எத்தனை?

எண்ணிக்கை = 0
ஃபார் குறுக்கு இன் ரேஞ்ச்(15):
    ஃபார் நெடுக்கு இன் ரேஞ்ச்(18):
        இஃப் குறுக்கு == 0 ஆர் குறுக்கு == 14 ஆர் நெடுக்கு == 0 ஆர் நெடுக்கு == 17:
            எண்ணிக்கை = எண்ணிக்கை + 1
பிரிண்ட்(எண்ணிக்கை)

விடை 62. முதலில் தாளில் கணக்குப் போடச் சொல்லுங்கள். நான்கு பக்கத்தையும் கூட்டி 66 என்பவர் மூலைக் கல் நான்கையும் இரண்டு தடவை எண்ணியிருக்கிறார். கல்லை வரைந்து காட்டினால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கின் அருமை என்னவென்றால், திரையில் வரும் எண்ணே பிழையைச் சொல்லிவிடும். 32 வந்தால் 14, 17-க்குப் பதில் 15, 18 போட்டிருக்கிறார், ரேஞ்ச் பூஜ்யத்தில் தொடங்கி ஒன்று முன்னாலேயே நிற்பது மனதில் ஏறவில்லை. இரண்டு சுவருக்கு மட்டும் கரை விழுந்திருக்கிறது. 0 வந்தால் ஆர் இருக்க வேண்டிய இடத்தில் ஆண்ட்: ஒரே கல் முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் ஒருசேர இருக்க முடியாது. 270 வந்தால் "குறுக்கு == 0 ஆர் 14" என்று பேச்சு வழக்கில் எழுதியிருக்கிறார். "பூஜ்யமோ பதினாலோ" என்று நாம் பேசுகிறோம், பைத்தானோ 14 என்பதைத் தனியாக உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. 18 வந்தால் எண்ணிக்கை = 0 என்ற வரி வெளிமடக்குக்குள் போய்விட்டது, ஒவ்வொரு வரிசைக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கி, கடைசி வரிசை மட்டும் மிச்சம். 1 வந்தால் அதே வரி உள்மடக்குக்குள். பிரிண்ட் உள்ளே போனால் வரிகளை எண்ணுங்கள்: 15 வரி வந்தால் வெளிமடக்கு, 270 வந்தால் உள்மடக்கு, 62 வந்தால் இஃபுக்குள்.

தயாரிப்பு: 6 சரியான வரி, 2 போலி வரி. போலிக்கு "== 0 ஆர் 14" ஒன்று, ரேஞ்ச்(1, 15) ஒன்று. இந்த இரண்டாவதைப் போட்டால் 44 வரும். போலி இரண்டுக்கு மேல் வேண்டாம், தேடுவதிலேயே நேரம் போய்விடும். எழுத்து 18 புள்ளி அளவு, அட்டைத் தாள், இருவருக்கு ஒரு உறை. அச்சடிக்கும்போது எல்லா வரியையும் இடது ஓரத்தில் ஒட்டி அச்சடியுங்கள். உள்தள்ளலோடு அச்சடித்தால் இடைவெளியைப் பார்த்தே அடுக்கிவிடுவார்கள். உள்தள்ளலை அவர்களே காட்ட, அடித்தாளில் 2 செண்டிமீட்டர் இடைவெளியில் நான்கு செங்குத்துக் கோடு போட்டுக் கொடுங்கள். துண்டுகளின் பின்னால் உறை எண் எழுத மறக்க வேண்டாம். ஒரு துண்டு மாறினால் இரண்டு உறை வீண்.

இன்னொன்று. மாட்ரிக்ஸ் பாடத்தில் நிரை, நிரல் என்று கணக்கு ஆசிரியர் சொல்லிக்கொடுக்கிறார். நம் புத்தகத்தில் நிரல் என்றால் புரோகிராம். அதனால்தான் குறுக்கு, நெடுக்கு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பள்ளத்தூர்_லேப்:
மேடம், இந்த எண் பட்டியல் ஒன்றுக்காகவே இழை பயன்பட்டது. செய்முறைத் தேர்வுக்கு இந்த ஒரு நிரலே உள்மடக்கு, நிபந்தனை இரண்டையும் சொல்லிக்கொடுத்துவிடும்.

பகிரும் வடிவம் பற்றி ஒரு விண்ணப்பம். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்து அனுப்பாதீர்கள். வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது, தேடினாலும் கிடைக்காது. யூனிகோடில் மட்டும். நிரலை வேர்டுக்குள் ஒட்டவும் வேண்டாம். நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாகி, ஓட்டும்போது சின்டாக்ஸ் எரர் வரும். பிள்ளைகளுக்குக் கண்ணில் வித்தியாசம் தெரியாது. நோட்பேடில் டேப் அடித்ததையும் தானியில் ஸ்பேஸ் அடித்ததையும் ஒன்றாகச் சேர்த்தால் டேப் எரர். நிரல் எப்போதும் பைத்தான் கோப்பாகத் தனியாக, குறிப்பு தனியாக.

கண்டனூர்க்காரன்:
தமிழ்ச் சரம் (ஸ்டிரிங், எழுத்துத் தொடர்) பற்றியும் ஒரு பக்கம் வேண்டும் அண்ணே. நீளம் சொல்லும் லென்("காரைக்குடி") எத்தனை என்று கேட்டால் பிள்ளைகள் 5 என்பார்கள், தமிழ் இலக்கணப்படி அது சரி. பைத்தான் 10 என்கிறது. கா, ரை, க், கு, டி ஒவ்வொன்றும் மெய் ஒரு குறி, உயிர்க்குறியோ புள்ளியோ ஒரு குறி என்று இரண்டிரண்டாகச் சேமிக்கப்படுகிறது. இது பிள்ளைகளின் தப்பில்லை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். [::-1] போட்டுத் திருப்பினால் குறி எழுத்துக்கு முன்னால் வந்து உடைந்து நிற்கும். எழுத்தாக எண்ண ஓப்பன்-தமிழ் தொகுப்பில் கெட்_லெட்டர்ஸ் இருக்கிறது.

இன்னும் நுட்பமான இடம் "தேவகோட்டை". ோ என்பதை ஒரே குறியாக அடித்தால் நீளம் 9, ே, ா என்று இரண்டாகச் சேமித்தால் 10. திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், இரட்டைச் சமக்குறி போட்டால் ஃபால்ஸ். யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் போட்டு என்எஃப்சி வடிவுக்கு (ோ ஒரே குறியாக இருக்கும் வடிவு) இரண்டையும் கொண்டுவந்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

தேவகோட்டை_மேடம்:
கேள்வி கேட்டு, விடைகளுக்கு வகுப்பில் வாக்கெடுப்பு எடுத்து, பக்கத்து ஆளோடு பேசவிடும் முறையை எடுக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எரிக் மாசூர் ஹார்வர்டில் இயற்பியலுக்குத் தொடங்கியது, பெத் சைமன், லியோ போர்ட்டர் போன்றோர் கணினிக்கு எடுத்து வந்தார்கள். நான்கு பாடங்களில் தோல்வி விகிதம் பாதியளவுக்குக் குறைந்ததாக 2013-ல் எழுதியிருக்கிறார்கள். அது கல்லூரி வகுப்பு.

செய்முறை: 1 முதல் 4 வரை எழுதிய அட்டை. சொன்னதும் எல்லாரும் ஒரே நொடியில், நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும். தலைக்கு மேல் பிடித்தால் பின்வரிசை பார்த்து மாற்றும். எண்ணிப் பலகையில் எழுதாதீர்கள், எழுதினால் பெரும்பான்மைப் பக்கம் சாய்வார்கள். சரியாகச் சொன்னவர்கள் 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால் பக்கத்து ஆளோடு 3 நிமிடம் பேசவிட்டு மறுபடி அட்டை. 30-க்குக் கீழே என்றால் பேசிப் பயனில்லை, பாடத்தையே திரும்ப எடுக்க வேண்டும். 70-க்கு மேல் என்றால் விளக்கிவிட்டு நகரலாம்.

குறிப்பில் சதவீதம் எழுதாதீர்கள், தலைக்கணக்கு எழுதுங்கள். 20 பேர் வகுப்பில் ஒருவர் மாறினால் 5 சதவீதம். "15 சதவீதம் உயர்வு" என்று வாசிக்கிறவருக்கு அது மூன்று பேர் என்று தெரியாது. இரண்டாம் வாக்கெடுப்பில் அதே கேள்வி சரியானால் விடை பரவியது என்றுதான் பொருள். புரிந்ததா என்று பார்க்க எண்ணும் பெயரும் மாற்றிய இன்னொரு கேள்வி வேண்டும், இரண்டு நாள் கழித்து. மாணவர் பெயரும் தேர்வெண்ணும் தெரிகிற விடைத்தாள் படத்தைக் குழுவில் போடவே கூடாது. தப்பு விடையை மட்டும் பெயர்த்து எழுதுங்கள்.

கல்லூரிச்சாலை:
எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டேன். பக்கத்தின் தலைப்புகள் இப்போது: வகுப்பும் பயிற்று மொழியும், இதற்கு முன் நடத்தியது, சொன்ன உவமை, கேள்வி, ஒவ்வொரு விடைக்கும் தலைக்கணக்கும் நினைப்பும், நிமிடம், இரண்டு நாள் கழித்துக் கேட்ட மாற்றுக் கேள்வி, லேபில் தடங்கிய இடம். நடந்ததை நடந்தபடி எழுதும் அனுபவ அறிக்கைக்கு, கணினிக் கல்வி ஆய்வுக்கான சிக்சி (SIGCSE) மாநாட்டிலேயே தனிப் பிரிவு உண்டு. அதனால் கட்டுப்பாட்டுக் குழு (ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய முறையிலேயே நடத்தும் வகுப்பு) இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். முதல் பக்கமாக அரிசி பருப்புக் கேள்வியை அச்சுக்குக் கொடுக்கட்டுமா?

தேவகோட்டை_மேடம்:
கொஞ்சம் பொறுங்கள் சார். அதில் ஒரு தப்பு விடை விட்டுப்போயிருக்கிறது. பெட்டி என்று கற்றவர் "அரிசி = பருப்பு" என்பதை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றில் கொட்டுவதாக நினைப்பார். கொட்டினால் பருப்பு காலி. அடுத்த வரியில் திரும்பக் கொட்டினால் அரிசி காலி, பருப்பு 7. "காலி 7" என்று ஒரு விடை வரும். நீங்கள் வைத்த பெயரே அதைத் தூண்டுகிறது: அரிசியும் பருப்பும் கொட்டுகிற சாமான்கள்தானே. பிழை மொழியிலிருந்து வந்ததா, பெயரிலிருந்து வந்ததா என்று பிறகு பிரிக்க முடியாது.

இரண்டு தாள் அடியுங்கள். ஒன்றில் அரிசி, பருப்பு. மற்றதில் வயது1, வயது2. இரண்டிலும் 7 7, 7 5, 5 5, 5 7, "காலி 7", "வேறு" என்று ஆறு விடை. அட்டையிலும் 5, 6 சேர்த்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் ஒன்றுவிட்டு ஒன்று கொடுத்தால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவதும் குறையும்.

கல்லூரிச்சாலை:
சரி மேடம். பெயர் மாற்றிய தாளுக்கு மூலையில் ஒரு சிறு வட்டம் போட்டுவிடுகிறேன், திரும்ப வாங்கும்போது பிரிக்க வசதியாக இருக்கும். வகுப்புக்கு 20 தாள் அது, 20 தாள் இது. தலைக்கணக்கை இரண்டு பத்தியாகத் தனித்தனியே எழுதி அனுப்புங்கள்.